பத்திரத்தில் இல்லாத பெண்கள்

தாமஸ் ஜெஃபர்சன் 1826 மார்ச் மாதத்தில் உயில் எழுதினார். எழுதிய மறுநாள் அதற்கு ஓர் இணைப்பும் எழுதினார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர், இரண்டு முறை குடியரசுத் தலைவராக இருந்தவர், மாண்டிசெல்லோ என்ற மலை வீட்டின் எஜமானர், கழுத்துவரை கடனில் மூழ்கியவர். அந்த இணைப்பில் அவர் தம்முடைய அடிமைகளில் ஐந்து பேருக்கு விடுதலை கொடுத்தார். பர்வெல் கோல்பர்ட், ஜான் ஹெமிங்ஸ், ஜோ ஃபாஸெட், மேடிசன் ஹெமிங்ஸ், எஸ்டன் ஹெமிங்ஸ். வீட்டுப் பொறுப்பாளர், தச்சர், கொல்லர், தச்சரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள். ஐந்து பேரும் ஆண்கள்.

ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். உயிரோடு இருந்தபோது பத்திரம் எழுதி விடுவித்தது இரண்டு பேரை: 1794இல் ராபர்ட் ஹெமிங்ஸ், 1796இல் அவருடைய தம்பி ஜேம்ஸ் ஹெமிங்ஸ். உயிலில் உள்ள ஐவரையும் சேர்த்தால் ஏழு. ஏழு பேரும் ஒரே குடும்பத்து உறவினர்கள். அந்தக் குடும்பத்துக்குத் தாய் எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற பெண். அவருடைய வயிற்றில் பிறந்த மகன்களும், மகள்கள் பெற்ற மகன்களும் விடுதலைப் பத்திரம் பெற்றார்கள். மகள்களில் ஒருவருக்குக்கூட அது கிடைக்கவில்லை.

என்னை முதலில் நிறுத்தியது இந்தக் கணக்குத்தான். அமெரிக்க அடிமை முறையைப் பற்றி நாம் பள்ளியில் படித்தது லிங்கன், உள்நாட்டுப் போர், 1865இல் வந்த 13ஆவது சட்டத்திருத்தம் என்று முடிந்துவிடும். அதற்கு முன்பிருந்த இருநூறு ஆண்டுகளில், ஓர் உடைமையாளர் தன் கையெழுத்தால் ஒரு மனிதரை விடுவிக்கும் நடைமுறை இருந்தது. அதற்குச் சட்டங்கள், விலைகள், நிபந்தனைகள், சாட்சிக் கையெழுத்துகள் எல்லாம் இருந்தன. ஆங்கிலத்தில் அதை ‘மேனுமிஷன்’ என்பார்கள். லத்தீனில் மானுஸ் என்றால் கை, மித்தெரே என்றால் விடுதல். சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் ‘கைவிடுதல்’ என்று வரும். நம் மொழியில் அதற்கு வேறு பொருள். ஆனால் சட்டங்களைப் படித்துக்கொண்டே போனால் நம்முடைய பொருளும் பல இடங்களில் பொருந்திவிடுகிறது. பெரியபுராணம் படித்தவர்களுக்கு ‘ஆளோலை’ என்ற சொல் தெரியும். ஒருவர் தலைமுறை தலைமுறையாக இன்னொருவருக்கு அடிமை என்று சொல்லும் ஓலை. அதை அவிழ்க்கும் ஓலையை இந்தக் கட்டுரையில் விடுதலைப் பத்திரம் என்று எழுதுகிறேன்.

ஈடித் ஃபாஸெட்டிலிருந்து தொடங்க வேண்டும். உயிலில் பெயர் உள்ள கொல்லர் ஜோவின் மனைவி அவர். 1802இல், பதினைந்து வயதில், வாஷிங்டன் நகரில் குடியரசுத் தலைவர் மாளிகைச் சமையலறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பிரெஞ்சுத் தலைமைச் சமையல்காரரிடம் தொழில் கற்றார். ஜெஃபர்சனின் விருந்துகள் பேர்போனவை. வந்தவர்கள் உணவைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள், சமைத்தவரைப் பற்றி அல்ல. அந்த மாளிகையில் இருந்தபோதே அவருக்குக் குழந்தைகள் பிறந்தன. கணவரோ நூறு மைலுக்கு அப்பால் மாண்டிசெல்லோவில். 1806இல் ஜோ அனுமதி பெறாமல் புறப்பட்டு மனைவியைப் பார்க்க வாஷிங்டனுக்கே போய்விட்டார். ஓடிப்போன அடிமை என்று பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1809இல் ஜெஃபர்சன் பதவி முடிந்து ஊர் திரும்பியபோது ஈடித்தும் திரும்பினார். அடுத்த பதினேழு ஆண்டுகள் மாண்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரர் அவர்தான்.

இங்கே ஜேம்ஸ் ஹெமிங்ஸை நினைவில் கொண்டுவர வேண்டும். அவரும் சமையல்காரர், ஜெஃபர்சனோடு பாரிசுக்குப் போய் பிரெஞ்சுச் சமையல் கற்றவர். 1793இல் ஜெஃபர்சன் அவருக்கு ஓர் உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார்: தன் இடத்துக்கு வேறொருவரைப் பழக்கிவிட்டால் விடுதலை. ஜேம்ஸ் தன் தம்பி பீட்டரைப் பழக்கினார். 1796இல் பத்திரம் கிடைத்தது. அதே கலை, அதே அடுப்பு, அதே எஜமானர். ஈடித்துக்கு மட்டும் அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை.

ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தார். 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம். நாற்காலி, மேசை, குதிரை, தானியம், அவற்றோடு 130 மனிதர்கள் என்று விளம்பரம் சொன்னது. ஜோவின் விடுதலைக்கு உயிலில் ஒரு தேதி குறிக்கப்பட்டிருந்தது: ஜெஃபர்சன் இறந்து ஓராண்டு கழித்து. அதாவது ஏலம் நடந்த ஜனவரியில் ஜோ இன்னும் அடிமை. மனைவியும் பிள்ளைகளும் மேடை ஏறியபோது அவர்களை விலைக்குக் கேட்கச் சட்டப்படி அவருக்கு வாயில்லை. ஜோவின் தங்கை கணவர், சுதந்திரமான கறுப்பினத்தவர் ஜெஸ்ஸி ஸ்காட், ஈடித்தையும் சிறிய குழந்தைகள் இருவரையும் ஏலத்தில் எடுத்தார். மற்ற பிள்ளைகள் வேறு வேறு ஆட்களிடம் போனார்கள். பதினோரு வயது பீட்டர் ஒருவரிடம் விற்கப்பட்டான். குடும்பத்தினர் திரும்ப வாங்க முயன்றபோது வாங்கியவர் தர மறுத்தார். பல முறை தப்ப முயன்று, 1850இல்தான் பீட்டர் விடுதலை பெற்றார். முதுமையில், சின்சினாட்டியில் மதகுருவாக இருந்தபோது, அந்த ஏலத்தை அவர் பத்திரிகையாளரிடம் விவரித்தார்.

உயிலின் இணைப்பில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பர்வெல், ஜான், ஜோ மூவருக்கும் ஆளுக்கொரு மர வீடு கட்டித்தரச் சொல்கிறார் ஜெஃபர்சன். எங்கே கட்ட வேண்டும் என்பதையும் சொல்கிறார்: அவர்களுடைய மனைவிமார் இருக்கும் இடத்துக்கும், சார்லட்ஸ்வில் ஊருக்கும், பல்கலைக்கழகத்துக்கும் வசதியான இடத்தில். ஆக, மனைவிமார் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஒருவர் தம் வீட்டு அடுப்படியிலேயே நின்று சமைத்துக்கொண்டிருந்தவர். மனைவி அந்த உயிலுக்குள் ஒரு திசைக்குறிப்பாக வருகிறார். ஒரு பெயராகக்கூட இல்லை.

ஏன் இப்படி? எஜமானரின் மனப்போக்கு என்று விட்டுவிட முடியாது. இதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு, அதுவும் ஒரு பெண் வென்ற வழக்கிலிருந்து தொடங்குகிறது.

எலிசபெத் கீ 1630வாக்கில் வர்ஜீனியாவில் பிறந்தவர். தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர், சட்டமன்ற உறுப்பினர். தாய் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண். தந்தை மகளை ஒன்பது ஆண்டுகளுக்கு வேலைக்கு ஒப்படைத்தார். ஒன்பது ஆண்டுகள் கடந்தும் யாரும் விடவில்லை. கடைசியாக வைத்திருந்தவர் 1655இல் இறந்தபோது சொத்துப் பட்டியலில் எலிசபெத்தை அடிமை என்று சேர்க்கப் பார்த்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். என் தந்தை சுதந்திர மனிதர், ஆங்கிலச் சட்டப்படி பிள்ளை தந்தை வழியே. நான் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவள். என் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. இந்த மூன்றும்தான் வாதம். 1656இல் வென்றார், தமக்காக வாதாடிய வில்லியம் கிரின்ஸ்டெட்டையே மணந்துகொண்டார்.

வர்ஜீனியாவின் நிலவுடைமையாளர்கள் அந்த மூன்று கதவுகளையும் அடைத்த வேகம் ஆச்சரியமானது. 1662இல் ஒரு சட்டம்: இந்தக் குடியேற்றத்தில் பிறக்கும் பிள்ளை, தாய் அடிமையானால் அடிமை, தாய் சுதந்திரமானவரானால் சுதந்திரம். 1667இல் இன்னொன்று: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை நிலை மாறாது. ஆங்கிலேயர் தங்கள் சொத்து, பட்டம், குலப்பெயர் அனைத்தையும் தந்தை வழியே எண்ணியவர்கள். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் தாய்வழியை எடுத்துக்கொண்டார்கள். இதைத் தாய்வழிச் சமூகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எஜமானர் தன் அடிமைப் பெண்ணை வல்லுறவு செய்து பிறக்கும் குழந்தைக்கு அவர் தந்தை ஆகமாட்டார், சொந்தக்காரர் ஆவார் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள்.

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு வாசகம் வரும். வாங்குபவரின் வம்சம் நிலத்தை அனுபவிக்கும். 1662க்குப் பிறகு வர்ஜீனியாவில் ஒரு பெண்ணை வாங்கியவருக்கு அந்த வாசகம் இரண்டு பக்கமும் ஓடியது: வாங்கியவரின் பேரன்கள், வாங்கப்பட்டவரின் பேரன்களை அனுபவிப்பார்கள்.

ஆகவே ஓர் ஆணை விடுவித்தால் ஒருவரின் உழைப்பு போகும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணை விடுவித்தால் இன்னும் பிறக்காதவர்களும் கணக்கிலிருந்து போய்விடுவார்கள். இது என் ஊகம் இல்லை. 1820இல் ஜெஃபர்சன் தம் மருமகனுக்கு எழுதிய கடிதத்தில், பண்ணையின் மிகச் சிறந்த ஆண் உழைப்பாளியைவிட இரண்டு ஆண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் பெண்ணே அதிக லாபம் என்று எழுதியிருக்கிறார். ஆண் உழைத்துத் தருவது அன்றன்றைக்குச் செலவாகிவிடும். பெண் தருவது மூலதனத்தில் சேரும் என்பது அவர் விளக்கம். ஈடித்துக்குப் பத்திரம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. அவர் பல பிள்ளைகளைப் பெற்றவர்.

சாலி ஹெமிங்ஸைப் பற்றிப் பேசாமல் இந்த உயிலைக் கடக்க முடியாது. எலிசபெத் ஹெமிங்ஸின் மகள். தந்தை ஜெஃபர்சனின் மாமனார். ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை அல்ல, ஒரே தந்தைக்குப் பிறந்த தங்கை. 1787இல் பதினான்கு வயதில் ஜெஃபர்சனின் மகளுக்குத் துணையாகப் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சு மண்ணில் அடிமைகள் மனுப்போட்டு விடுதலை கேட்கலாம். அவருடைய மகன் மேடிசன் 1873இல் சொன்ன நினைவுகளின்படி, சாலி அங்கேயே தங்கிவிட நினைத்தார். ஊர் திரும்பினால் சலுகைகள் உண்டு, பிறக்கும் பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயதில் விடுதலை உண்டு என்று ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே கப்பல் ஏறினார். பதினாறு வயதுப் பெண், வயிற்றில் குழந்தையோடு, தன்னைச் சொத்தாக வைத்திருக்கும் நாற்பத்தாறு வயது அரசுத் தூதரிடம் பேரம் பேசியிருக்கிறார். இதைக் காதல் கதையாக எழுதியவர்கள் உண்டு. நான் இதை ஓர் ஒப்பந்தப் பேச்சாகவே படிக்கிறேன், ஒரு தரப்புக்குச் சட்டமே இல்லாத ஒப்பந்தம்.

ஜெஃபர்சன் அந்த வாக்கைக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். காப்பாற்றிய விதத்தைப் பாருங்கள். மகன்கள் மேடிசனும் எஸ்டனும் உயிலில் இடம்பெற்றார்கள். மூத்த மகன் பெவர்லியும் மகள் ஹேரியட்டும் 1820களின் தொடக்கத்தில் போக விடப்பட்டார்கள். பண்ணைக் கணக்கில் ஓடிப்போனவர்கள் என்று குறிப்பு. ஹேரியட்டுக்கு ஐம்பது டாலரும் வண்டிச் சத்தமும் கொடுக்கச் சொன்னார் ஜெஃபர்சன் என்று பண்ணை மேற்பார்வையாளர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஹேரியட் வெள்ளைப் பெண்ணாக வாழ்ந்தார், மணந்தார். விடுதலைப் பத்திரம் ஒன்று அவரிடம் இருந்திருந்தால் அதுவே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர் என்பதற்கு அதுதானே முதல் அத்தாட்சி. பத்திரம் இல்லாததால் அவர் சட்டப்படி கடைசிவரை ஜெஃபர்சன் குடும்பத்தின் உடைமை, அவர் பெற்ற பிள்ளைகளும் அப்படியே.

சாலிக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஜெஃபர்சன் இறந்த பிறகு எடுத்த சொத்து மதிப்பீட்டில் அவர் விலை ஐம்பது டாலர். ஜெஃபர்சனின் மகள் மார்த்தா ராண்டால்ஃப் வாய்வார்த்தையாக அவரைப் போகவிட்டார். மகன்களோடு சார்லட்ஸ்வில்லில் வாழ்ந்து 1835இல் இறந்தார். மௌனத்துக்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1806இல் வர்ஜீனியா போட்ட சட்டப்படி, விடுதலை பெற்றவர் பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் பிடித்து மறுபடி விற்கலாம். தங்கியிருக்கச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும். உயிலில் உள்ள ஐந்து ஆண்களுக்காக ஜெஃபர்சன் சட்டமன்றத்திடம் அந்த அனுமதியைக் கேட்டார். சாலியின் பெயரை எழுதியிருந்தால் அதையும் சட்டமன்றத்தின் முன் வைத்திருக்க வேண்டும். நாடே கிசுகிசுத்த பெயர் அது.

இந்தப் பன்னிரண்டு மாதச் சட்டம் குடும்பங்களை எப்படி முறுக்கியது என்பதற்கு மறுபடி ஈடித்திடம் போகிறேன். சட்டத்துக்குப் பயந்து, விடுதலை பெற்ற ஆண்கள் பலர் மனைவியையும் பிள்ளைகளையும் விலைக்கு வாங்கி, விடுவிக்காமல் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். விடுவித்தால் ஊரைவிட்டுப் போக வேண்டும். வைத்துக்கொண்டால் கூட வாழலாம். ஜோ ஃபாஸெட் 1837 செப்டம்பரில்தான் ஈடித்துக்கும், ஐந்து பிள்ளைகளுக்கும், நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பத்திரம் எழுதினார். ஏலம் முடிந்து பத்தாண்டு. பத்திரத்தில் விடுவிப்பவர் இடத்தில் கணவர் பெயர், விடுவிக்கப்படுபவர் இடத்தில் மனைவி பெயர். அன்பால் செய்த காரியம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் கணவன் மனைவிக்கு உடைமையாளன் என்பதை உவமையாக இல்லாமல் பதிவுத்துறை ஆவணமாகவே படிக்கும்போது கை கொஞ்சம் நிற்கிறது. பிறகு குடும்பம் ஓஹாயோவுக்குக் குடிபெயர்ந்தது.

எஜமானிகளைப் பற்றியும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் எழுதிய உயிலில் தம்முடைய 123 அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார், மனைவி மார்த்தா இறந்த பிறகு நடைமுறைக்கு வரும்படி. மார்த்தா காத்திருக்கவில்லை, 1801 ஜனவரி 1 அன்றே விடுவித்தார். பெருந்தன்மை என்று அவசரப்பட வேண்டாம். 123 பேரின் விடுதலை தம் மரணத்தைச் சார்ந்திருக்கும்போது தம் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று அவர் அஞ்சியதாக, அந்த வீட்டுக்கு வந்துபோன அபிகெய்ல் ஆடம்ஸ் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே பண்ணையில் இன்னும் 153 பேர் இருந்தார்கள். மார்த்தாவின் முதல் கணவர் கஸ்டிஸின் சொத்து. அவர்கள்மீது மார்த்தாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும். விற்கவோ விடுவிக்கவோ முடியாது, அவருக்குப் பின் பேரப்பிள்ளைகளுக்குப் போவார்கள். இரண்டு கூட்டமும் தமக்குள் மணம் செய்திருந்ததால் தந்தை விடுதலை, தாயும் பிள்ளைகளும் அடிமை என்று குடும்பங்கள் பிளந்தன. சட்டம் கையைக் கட்டியது என்று மார்த்தாவுக்காக வாதாடலாம். ஆனால் முழு உரிமையோடு அவருக்கே சொந்தமாக எலிஷ் என்ற ஓர் அடிமை இருந்தார். மார்த்தா அவரை விடுவிக்கவில்லை, பேரனுக்கு எழுதிவைத்தார்.

கஸ்டிஸ் சொத்தில் ஒருவர் ஓனா ஜட்ஜ், மார்த்தாவின் அந்தரங்கப் பணிப்பெண், தையலில் தேர்ந்தவர். மார்த்தா தம் பேத்திக்குத் தன்னைக் கல்யாணப் பரிசாகத் தரப்போகிறார் என்று தெரிந்ததும், 1796 மே மாதம் பிலடெல்ஃபியாவில் வாஷிங்டன் குடும்பம் இரவு உணவில் இருந்தபோது வெளியேறி, கப்பலேறி நியூஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் போனார். குடியரசுத் தலைவர் ஆளனுப்பித் தேடினார். ஓனா ஒரு சமரசம் சொல்லியனுப்பினார்: உங்கள் இருவரின் காலத்துக்குப் பின் விடுதலை என்று உறுதியளித்தால் திரும்பி வருகிறேன். வாஷிங்டன் மறுத்தார். ஓடிப்போனவளுக்கு முன்னுரிமை கொடுத்தால் விசுவாசமாக இருப்பவர்களுக்கு அநீதி என்பது அவர் வாதம். ஓனா போர்ட்ஸ்மத்தில் ஒரு கப்பல் தொழிலாளரை மணந்தார். கணவர் சுதந்திர மனிதர். ஆனால் 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் அவர் பெற்ற மூன்று பிள்ளைகளும் எங்கோ வர்ஜீனியாவில் இருந்த கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்து. 1848இல் இறக்கும்வரை பத்திரமில்லாமல், ஏழ்மையில், பிடிபடாமல் வாழ்ந்தார். வருத்தமில்லையா என்று முதுமையில் கேட்டவர்களிடம், இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றே சொன்னார்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று பொதுமைப்படுத்திவிடவும் கூடாது. பிரேசிலின் சால்வடார், ரியோ போன்ற நகரங்களில் விடுதலைக் கடிதம் பெற்றவர்களில் பெண்களே அதிகம். தெருவில் பழமும் பலகாரமும் விற்ற பெண்கள் எஜமானருக்குத் தினக் கட்டணம் கட்டியதுபோக மிச்சம் பிடித்துத் தங்களையே வாங்கிக்கொண்டார்கள். கையில் காசு புழங்கும் தொழிலும், விலை பேச அனுமதிக்கும் வழக்கமும் இருந்த இடத்தில் பெண்கள் முந்தினார்கள்.

அமெரிக்காவிலும் விலை பேசியவர்கள் உண்டு. மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வருவோம். 1846 ஏப்ரலில் அந்த நகர நீதிமன்றத்தில் டிரெட் ஸ்காட் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார். பாடநூல்களில் இடம்பெற்ற வழக்கு. அதே நாளில் அவருடைய மனைவி ஹேரியட் ஸ்காட்டும் தம் பெயரில் தனி வழக்குப் போட்டார் என்பது பாடநூல்களில் இல்லை. எலைசா, லிஸ்ஸி என்ற இரண்டு மகள்களின் கதி தாயின் நிலையைப் பொறுத்தது. தந்தை மட்டும் வென்றால் மகள்களுக்குப் பயனில்லை. 1850இல் அவர் வழக்கைக் கணவரின் வழக்கோடு சேர்த்துவிட்டார்கள். 1857 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஸ்காட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மே மாதம் வேறொரு உடைமையாளர் வாங்கி, பத்திரம் எழுதிக் குடும்பத்தை விடுவித்தார். நீதியாகக் கேட்டது கிடைக்காமல் தயவாகக் கிடைத்தது.

அந்த வழக்கில் மிசூரி நீதிமன்றத்தில் உடைமையாளர் தரப்புக்கு வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் ஹியூ கார்லண்ட். அவர் வீட்டில் எலிசபெத் கெக்லி என்ற தையற்காரர் அடிமையாக இருந்தார். தாம் தைத்துச் சம்பாதித்த பணத்தில் கார்லண்ட் குடும்பத்தையே பல மாதங்கள் தாங்கியவர். வல்லுறவால் பிறந்த ஒரு மகன் அவருக்கு உண்டு, ஜார்ஜ். தம்மையும் மகனையும் விலைக்கு வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டுக் கேட்டு மறுக்கப்பட்டார். ஒருநாள் கார்லண்ட் பையிலிருந்து ஒரு கால் டாலர் வெள்ளிக்காசை எடுத்து நீட்டினார்: போக வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள், மிசிசிப்பியைக் கடக்கும் படகுக்கு உனக்கும் பையனுக்கும் இது போதும், அக்கரை போனால் விடுதலைதானே. கெக்லி வாங்க மறுத்தார். தப்புவதற்கு வழி தெரியாமல் இல்லை, அப்படிப் போவதானால் எப்போதோ போயிருப்பேன். இந்த நாட்டுச் சட்டம் எதை விடுதலை என்கிறதோ அதுதான் வேண்டும் என்றார்.

இந்த இடத்தை அடிமை மனநிலை என்று சிலர் படிக்கக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. பத்திரமில்லாமல் போனவர்களுக்கு நேர்ந்ததை அவர் அறிந்திருந்தார். தம் மகனைப் பிடிக்க இன்னொரு நாள் யாரும் கதவு தட்டக்கூடாது என்று நினைத்தார். எஜமானரின் சட்டத்தை நம்பியதால் அல்ல, எஜமானரை நம்பாததால் கேட்ட பத்திரம் அது. காசை நீட்டிய கார்லண்டுக்கு அந்தக் காசு எவ்வளவு மலிவான பதில் என்பது தெரிந்திருக்கும். அவர் தொழிலே ஸ்காட் குடும்பத்துக்கு அந்தப் பத்திரத்தை மறுப்பதாக இருந்தது.

விலை 1200 டாலர் என்று முடிவானது. கார்லண்ட் 1854இல் இறந்துபோனார்; உரிமை மனைவி ஆன் கார்லண்டிடம் வந்தது. நியூயார்க் போய் நிதி திரட்டலாமா என்று கெக்லி யோசித்தபோது, அவரிடம் உடை தைத்துக்கொண்ட பெண்கள் தங்களுக்குள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1855 நவம்பர் 13 அன்று பத்திரம் எழுதப்பட்டது. கெக்லி 1868இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அந்த ஆவணங்களை அப்படியே அச்சிட்டிருக்கிறார். நிறம் வெளிர், வயது ஏறத்தாழ 37, தொழில் உடை தைப்பது, தெரிந்தவர்கள் ‘கார்லண்டின் லிஸ்ஸி’ என்று அழைப்பார்கள் என்று அதில் அடையாளங்கள் உண்டு. கையெழுத்திட்ட ஆன் கார்லண்டின் தந்தையும் கெக்லியின் தந்தையும் ஒரே மனிதர், ஆர்மிஸ்டெட் பர்வெல். ஒரு சகோதரி 1200 டாலர் வாங்கிக்கொண்டு இன்னொரு சகோதரிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அது. அந்த உறவுக்கு அடையாளக் குறிப்பில் இடமில்லை.

சேர்த்துக் கொடுக்கப்பட்ட பணத்தைக் கெக்லி நன்கொடையாக எடுத்துக்கொள்ளவில்லை, கடன் என்று கணக்கு வைத்தார். விடுதலை பெற்ற பிறகும் செயின்ட் லூயிஸிலேயே தங்கித் தைத்தார். முழுத் தொகையையும் அடைத்து முடித்த பிறகு, 1860இல்தான் ஊரைவிட்டுக் கிளம்பினார்.